திருவொற்றியூர் கோயில்களும் அவற்றின் நிர்வாகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தியாகராஜர் கோயிலில் உழவாரப் பணி முடிந்து உட்கார்ந்திருக்கும்போதும் சரி, தெருமுனை அம்மன் கோயில் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போதும் சரி, சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. உண்டியல் பணம் எங்கே போகிறது, இது யார் கோயில், நாம் கேட்டால் பதில் சொல்வார்களா என்பவைதான் பெரும்பாலும். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். "சட்டம்" என்று நான் சொல்லும் இடமெல்லாம் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம், "துறை" என்றால் இந்து சமய அறநிலையத் துறை.

திருவொற்றியூர்ல இருக்கற எல்லாக் கோயிலும் கவர்மெண்ட் கோயில்தானே?

இல்லை. முதலில், "கவர்மெண்ட் கோயில்" என்ற ஒன்றே சட்டத்தில் கிடையாது. கோயில் சொத்து சுவாமிக்குச் சொந்தம். பத்திரத்திலும் பட்டாவிலும் சுவாமி பெயர்தான் இருக்கும். அதை நிர்வகிக்கும் பொறுப்பு அறங்காவலர்களுடையது, அவர்களை மேற்பார்வை பார்ப்பது துறை. நடைமுறையில் துறையின் கை ஓங்கியிருப்பதால் ஜனங்கள் அப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் மூன்று விதமான கோயில்கள் இருக்கின்றன. தியாகராஜசுவாமி வடிவுடையம்மன் கோயில் மாதிரி நேரடியாகத் துறை மேற்பார்வையில் செயல் அலுவலர் உட்கார்ந்து நடத்துபவை ஒரு வகை. ஒரு குடும்பமோ சமூகமோ வழிவழியாக நடத்திவரும் கோயில்கள் இன்னொரு வகை, இவற்றிலும் பல துறையின் பட்டியலில் உள்ளவையே. மூன்றாவது, தெருக்காரர்கள் சேர்ந்து கட்டி, எந்தப் பட்டியலிலும் இல்லாமல் விழாக் குழு நடத்தும் சின்னச் சின்ன அம்மன், பிள்ளையார் கோயில்கள். எந்தக் கேள்விக்கும் பதில் தேடுவதற்கு முன்னால் உங்கள் கோயில் இதில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அறங்காவலர், தக்கார், செயல் அலுவலர்... இவங்கள்ல யாரு பெரியவங்க?

அறங்காவலர்தான் சட்டப்படி கோயிலின் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது, பதவிக்காலம் 2 ஆண்டு. வருமானம் உள்ள கோயில்களில் 3 முதல் 5 பேர் கொண்ட குழு, அதில் ஒரு பெண்ணும் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் ஒருவரும் இருக்க வேண்டும். தலைவரைக் குழுவே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும். பரம்பரை அறங்காவலர் என்பவர் வேறு, அவருக்கு அந்தப் பொறுப்பு வம்சாவழியாகவோ கோயிலைத் தோற்றுவித்தவர் எழுதிவைத்தபடியோ வருகிறது.

அறங்காவலர் இல்லாத இடைக்காலத்தில் துறை நியமிப்பவர் தக்கார், பல சமயம் அவரே துறை அதிகாரியாக இருப்பார். செயல் அலுவலர் அன்றாட நிர்வாகத்துக்காகத் துறை போடும் அலுவலர். அறங்காவலர் குழு அமைக்காமல் வருஷக்கணக்கில் தக்காரை வைத்தே ஓட்டுவது பல கோயில்களில் நடக்கிறது. இது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரே துறையைச் சேர்ந்தவர்களே முடிவெடுத்து, அவர்களே மேற்பார்வையும் பார்த்தால் பக்தர்களின் குரலுக்கு அங்கே இடமே இருக்காது.

எந்தக் காலத்துல இருந்து அரசாங்கம் கோயிலுக்குள்ள வந்துச்சு? வெள்ளைக்காரன் காலத்துலயா?

மேற்பார்வை என்பது அதற்கும் முந்தையது. தியாகராஜர் கோயில் சுவர்களில் பல்லவ அபராஜிதன் காலத்திலிருந்தே கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிக்க 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுத்து, அவற்றை "சாவா மூவாப் பேராடு" என்று எழுதிவைப்பார்கள். ஆடு செத்தாலும் கிழமானாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும், நெய் நிற்கக் கூடாது என்று பொருள். யார் கொடுத்தார், யார் பொறுப்பு, எவ்வளவு அளக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி கல்லில் இருந்தது. கோயில் கணக்கு ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது நேற்று வந்த யோசனை அல்ல.

நவீன காலத்துக்கு வந்தால், 1817இல் ஒரு ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் வாரியம் கோயில் சொத்துகளின் மேற்பார்வையை எடுத்துக்கொண்டது. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயிலை நடத்துவதா என்று பாதிரிமார்கள் எதிர்க்கவே கம்பெனி விலகியது, 1863 சட்டம் பொறுப்பை உள்ளூர் ஆட்களிடமும் குழுக்களிடமும் விட்டது. பிறகு நீதிக்கட்சி ஆட்சியில், பனகல் அரசர் காலத்தில், அறநிலையச் சட்டம் வந்து, மேற்பார்வைக்கு ஒரு வாரியமும் அமைந்தது. அதன் செல்லுபடி பற்றிச் சிக்கல் எழுந்ததால் 1927இல் மறுபடி இயற்றினார்கள். 1951இல் வாரியம் போய்த் துறை வந்தது. அதன் சில பிரிவுகளை 1954இல் உச்ச நீதிமன்றம் சீரூர் மடம் வழக்கில் செல்லாது என்றதும், திருத்தி எழுதியதுதான் இப்போதுள்ள 1959 சட்டம்.

உண்டியல்ல போடற பணம் நேரா அரசாங்கத்துக்குப் போயிடுது, அப்புறம் எதுக்குப் போடணும்?

நேராகப் போவதில்லை. உண்டியல் முத்திரையிட்டுப் பூட்டப்பட்டிருக்கும். துறை அதிகாரியும் அறங்காவலரோ தக்காரோ முன்னிலையில் இருக்கத் திறந்து, பொதுமக்கள் கண்ணெதிரே எண்ணி, கோயிலின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும். எண்ணுவதற்குத் தன்னார்வலர்களாக நாமும் போகலாம். ஒரு தடவை போய்ப் பாருங்கள். சில்லறையைத் தனியாகச் சலித்து, நோட்டைக் கட்டி, பொன்னையும் வெள்ளியையும் எடைபோட்டு எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

துறைக்குப் போவது இரண்டு இனங்கள். கோயில் வருமானத்தில் 12 சதவீதம் வரை பங்களிப்புத் தொகை, 4 சதவீதம் வரை தணிக்கைக் கட்டணம். மீதி கோயிலின் பூஜை, சம்பளம், பராமரிப்பு, விழாக்களுக்கு. இந்தச் சதவீதம் அதிகமா குறைவா என்று தாராளமாக வாதாடலாம், ஆனால் மொத்தப் பணமும் கஜானாவுக்குப் போகிறது என்பது உண்மையில்லை.

அர்ச்சகர் தட்டுல போடறது? அது கோயிலுக்கா அவருக்கா?

வழக்கப்படி அர்ச்சகருக்கு. உண்டியலில் போட்டால் கோயிலுக்கு. சின்னக் கோயில்களில் அர்ச்சகருக்குக் கிடைக்கும் சம்பளத்தைக் கேட்டால் மனசு கஷ்டப்படும், தட்டுக் காசை நம்பித்தான் குடும்பமே ஓடுகிறது. அர்ச்சனைச் சீட்டுக்கான பணத்தை மட்டும் கவுன்ட்டரில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்க கோயிலுக்கு வருமானமே இல்ல. விளக்கேத்தக்கூட ஆள் இல்லன்னா என்ன பண்றது?

"ஒருகால பூஜைத் திட்டம்" என்று ஒன்று இருக்கிறது. கோயிலின் பெயரில் ஒரு தொகையை வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டியில் தினம் ஒரு வேளையாவது பூஜை நடக்கச் செய்வது. அந்தக் கோயில் அர்ச்சகர்களுக்கு மாத ஊக்கத்தொகையும் தருகிறார்கள். இதற்குக் கோயில் துறைப் பட்டியலில் இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கையெழுத்திட்டு சரக ஆய்வாளரிடமோ உதவி ஆணையரிடமோ மனு கொடுக்கலாம். வட்டி எண்ணெய்க்கே சரியாகப் போய்விடும் என்பதால் இதை மட்டும் நம்பியும் இருக்க முடியாது, பக்கத்துத் தெருக்காரர்கள் முறைபோட்டு எண்ணெய் வாங்கித் தருவது பல இடங்களில் நடக்கிறது.

செயல் அலுவலர் நினைச்சா பூஜை நேரத்தையோ வழக்கத்தையோ மாத்தலாமா?

முடியாது. கோயிலை அதன் மரபுக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப நிர்வகிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊர் உதாரணமே போதும். தியாகராஜர் கோயிலின் மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவானவர், வருஷம் முழுக்கக் கவசத்தோடு இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி 3 நாள் மட்டும் கவசம் திறந்து புனுகுத் தைலம் சாத்துவார்கள். அந்த 3 நாளும் வரிசை தெருவரைக்கும் நிற்கும். கூட்டம் வருகிறது, வருமானம் வருகிறது, மாதாமாதம் திறக்கலாமே என்று ஒரு அதிகாரி உத்தரவு போட முடியாது. அதே கோயிலில் வட்டப்பாறை அம்மன் சன்னிதியில் நம்பூதிரிகள் பூஜை செய்யும் மரபு உண்டு, அது ஆதிசங்கரர் வகுத்தது என்று சொல்வார்கள். மாசிப் பெருவிழாவில் சுந்தரருக்கும் சங்கிலியாருக்கும் மகிழ மரத்தடியில் நடக்கும் மகிழடி சேவையும் அப்படித்தான். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் சேர்ந்து வந்தால் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் நம் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் தரிசிப்பதும் ஜனங்கள் காப்பாற்றிவரும் வழக்கம்.

வரிசையை எப்படி விடுவது, டிக்கெட் எவ்வளவு, கடை ஏலம் எப்போது, மின் கட்டணம், சம்பளம் இவையெல்லாம் நிர்வாகம். எந்தத் திருமேனிக்கு எப்போது என்ன சாத்துவது என்பது நிர்வாகம் இல்லை. கோடு சில இடங்களில் மங்கலாக இருக்கும், அப்போது ஸ்தானிகர்களையும் (கோயில் மரபு அறிந்த பரம்பரைப் பணியாளர்கள்) அர்ச்சகர்களையும் கேட்டு முடிவெடுப்பதுதான் முறை.

செயல் அலுவலரைப் போட்டா அவர் நிரந்தரமா இருப்பாரா?

சிதம்பரம் தீட்சிதர்கள் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. நிர்வாகக் கோளாறைச் சரிசெய்யப் பொறுப்பை எடுத்தால், கோளாறு சரியானதும் திருப்பிக் கொடுக்க வேண்டும், காலவரையின்றி வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குப் பிறகு 2015இல் வந்த விதிகள் செயல் அலுவலர் நியமனத்துக்கு 5 ஆண்டு என்று வரம்பு வைத்தன.

யார் வேணா அர்ச்சகர் ஆகலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். பரம்பரையாக வாரிசுக்கே வேலை என்ற உரிமை 1970இல் கொண்டுவந்த திருத்தத்தால் போய்விட்டது, 1972இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆகமம் (கோயில் வழிபாட்டு விதிநூல்) ஒரு குறிப்பிட்ட பிரிவினர்தான் பூஜிக்க வேண்டும் என்று சொல்லும் கோயிலில் அது மதிக்கப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அனைத்துச் சாதியினருக்குமான 2006 அரசாணை மீது 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு, கோயிலுக்குக் கோயில் அதன் ஆகமத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொன்னது. 2021 ஆகஸ்டில் பயிற்சி பெற்ற பிற சாதியினர் சிலரும் நியமிக்கப்பட்டார்கள். ஆகமம் சாராத அம்மன், ஐயனார் கோயில்களில் எல்லாச் சமூகத்தினரும் பூசாரியாக இருப்பது காலங்காலமாக உள்ளதுதான்.

தமிழ் அர்ச்சனை பற்றியும் கேட்கிறார்கள். கேட்டால் செய்ய வேண்டும். தயங்காமல் கேளுங்கள், சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலத்தில் தமிழுக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

நாங்க மூணு தலைமுறையா கோயில் மனையில வீடு கட்டி இருக்கோம். பட்டா கிடைக்குமா?

கிடைக்காது, இதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. கட்டடம் உங்களுடையதாக இருக்கலாம், அடிமனை சுவாமியுடையது. மற்ற நிலங்களில் இத்தனை வருஷம் அனுபவித்தால் உரிமை வரும் என்கிற காலவரம்புச் சட்டம், கோயில் நிலத்தை மீட்கும் வழக்குகளுக்குப் பொருந்தாது என்று 109ஆம் பிரிவு சொல்கிறது. கோயில் நிலத்தை விற்கவும், 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் ஆணையரின் அனுமதி வேண்டும். அது இல்லாத பத்திரத்தைப் பதிவு அலுவலகமும் பதியக் கூடாது. "கட்டடத்தை மட்டும் வாங்கிக்கோங்க, மனையைப் பாத்துக்கலாம்" என்று புரோக்கர் சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வாடகையை நியாய வாடகை என்று ஒரு குழு நிர்ணயிக்கும், 3 ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள். வரும் நோட்டீஸில் "பசலி 1434" என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். கோயில் கணக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையிலான பசலி ஆண்டில் ஓடும், 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. நிலுவை ஏறுவதற்கு முன்னால் கட்டி ரசீது வாங்குங்கள். தொகை அதிகம் என்று தோன்றினால் சட்டப்படி மேல்முறையீடு செய்யுங்கள். கட்டாமலே இருந்தால் ஆக்கிரமிப்பாளர் என்று 78ஆம் பிரிவில் நடவடிக்கை வரும், அதற்கப்புறம் யார் சிபாரிசும் உதவாது.

எங்க தெருக் கோயிலை துறை எடுத்துக்குமா? தனியார் கோயில்னு எழுதி வெச்சா போதுமா?

பலகையில் எழுதுவதால் எதுவும் மாறாது. இந்துக்கள் பொதுவாக உரிமையோடு வந்து வழிபடும் இடமா என்பதே கேள்வி. வீட்டுக்குள் குடும்பத்தார் மட்டும் கும்பிடும் பூஜை அறை பொதுக்கோயில் ஆகாது. ஊரில் வசூல் செய்து கட்டி, உண்டியல் வைத்து, யார் வந்தாலும் விடும் இடத்தைத் தனியார் என்று நிரூபிப்பது கஷ்டம். தகராறு வந்தால் 63ஆம் பிரிவின் கீழ் இணை ஆணையர் விசாரித்து முடிவு சொல்வார், அதன் மேல் ஆணையரிடமும் பிறகு நீதிமன்றத்திலும் போகலாம். பரம்பரை அறங்காவலர் உரிமையும் இதே பிரிவில்தான் தீர்மானமாகும்.

பொதுக்கோயில் என்று ஆகிவிட்டாலே மறுநாள் செயல் அலுவலர் வந்து உட்கார்ந்துவிடுவார் என்று அர்த்தமில்லை. ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் குழுவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நடைபாதையிலோ சாலையிலோ கட்டியது மட்டும் வேறு கதை. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பொது இடங்களில் அனுமதியின்றிப் புதிதாக எந்த வழிபாட்டுத் தலமும் கட்டக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது.

ஆடி மாசம் கூழ் வார்க்க வசூல் பண்றாங்க. கொடுக்கலாமா?

கொடுங்கள், நல்ல காரியம். அச்சடித்த ரசீது, வரிசை எண், குழுவில் பொறுப்பானவர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். விழா முடிந்ததும் வரவு செலவைக் கோயில் வாசலில் ஒட்டும் குழுக்கள் நம் பகுதியில் உண்டு. கேழ்வரகு மாவு, நொய், பந்தல், மைக் செட், மேளம், வாணவேடிக்கை என்று வரி வரியாக எழுதியிருப்பார்கள். அப்படி ஒட்டாத குழுவிடம் அடுத்த வருஷம் பணம் கொடுக்கும்போது கேளுங்கள். துறைக் கோயிலின் பெயரைச் சொல்லி வெளியாள் வசூலித்தால் கொடுக்காதீர்கள், அலுவலகத்தில் நேரில் கட்டுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதும் எல்லாருக்கும் பொது.

கும்பாபிஷேகத்துக்கு நான் செலவு பண்ணி பிரகாரம் முழுக்க டைல்ஸ் போட்டுத் தரேன்னு சொன்னேன், வேணாம்னுட்டாங்க. ஏன்?

வேண்டாம் என்றது சரி. பழைய கோயிலில் திருப்பணி என்றால் மண்டல அளவிலும் மாநில அளவிலும் வல்லுநர் குழுக்களின் ஒப்புதல் வேண்டும், அப்புறம்தான் பாலாலயம் செய்து (சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி) வேலையைத் தொடங்குவார்கள். நம் கோயிலின் மூலவர் விமானம் தூங்கானை மாட வடிவில் (படுத்த யானையின் பின்புறம் போல வளைந்து) உள்ளது, முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். தளத்திலும் சுவரிலும் எழுத்து இருக்கலாம். மேலே பளபளவென்று கல் பதித்தாலோ பெயிண்ட் அடித்தாலோ மணல் வீச்சால் சுத்தம் செய்தாலோ ஆயிரம் வருஷ எழுத்து போய்விடும், மழைக்காலத்தில் வழுக்கி விழுவது தனி. உபயதாரராக வர ஆசைப்படுகிறவர்கள் மேல்தள ஒழுகலை அடைக்கவும், குளத்துக்கு நீர் வரும் வழியைச் சரிசெய்யவும், மின் வயரிங்கை மாற்றவும் கொடுக்கலாம். பெயர்ப் பலகை வைக்க முடியாது என்பதால்தான் இந்த வேலைகளுக்கு ஆள் கிடைப்பதில்லை.

எங்க கோயில் உற்சவரை ஏன் வேற கோயில்ல பூட்டி வெச்சிருக்காங்க?

சிலைத் திருட்டுக்குப் பயந்து. பாதுகாப்பு இல்லாத கோயில்களின் உலோகத் திருமேனிகளைப் பெரிய கோயிலிலோ திருமேனிப் பாதுகாப்பு மையத்திலோ வைத்து, விழாவுக்கு மட்டும் எழுந்தருளச் செய்வார்கள். உற்சவர் ஊரில் இல்லாத வருத்தம் எனக்குப் புரிகிறது. கம்பிக் கதவு, கேமரா, எச்சரிக்கை மணி, இரவுக் காவல் என்று ஏற்பாடு செய்து காட்டி, திரும்பக் கேட்டு மனு கொடுக்கலாம். ஒன்று செய்யுங்கள்: அடுத்த விழாவுக்கு வரும்போது பீடத்தோடு நான்கு பக்கமும் படமெடுக்க அனுமதி கேட்டு, உயரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலிருந்து நம் சிலைகள் திரும்பி வந்ததில் பழைய புகைப்படங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நான் அறங்காவலர் ஆக முடியுமா? கட்சிக்காரங்களுக்குத்தானே கொடுப்பாங்க?

விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்கும் குறைவான சின்னக் கோயில்களுக்கு உதவி ஆணையரும், 10,000 முதல் 2 லட்சத்துக்குள் உள்ளவற்றுக்கு இணை ஆணையரும், 2 முதல் 10 லட்சத்துக்குள் என்றால் ஆணையரும், அதற்கு மேல் அரசும் நியமிப்பார்கள். அறிவிப்பு வரும்போது மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பம் போக வேண்டும். கோயில் சொத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரும் கோயிலுக்குப் பாக்கி வைத்திருப்பவரும் தகுதியில்லாதவர்கள். கட்சிக்காரர்களுக்குத்தான் கிடைக்கிறது என்ற குறை நியாயமானது. ஆனால் சின்னக் கோயில்களுக்கு விண்ணப்பிக்கவே ஆள் இருப்பதில்லை, அங்கே உழைக்கத் தயாராக இருப்பவருக்கு இடம் இருக்கிறது.

நான் சாதாரண பக்தன். கணக்கு கேட்க எனக்கு என்ன உரிமை?

நிறையவே இருக்கிறது. சட்டத்தின் 6(15) பிரிவு கோயிலில் அக்கறை உடையவர் யார் என்று சொல்கிறது. அங்கே வழிபட உரிமை உள்ளவர், வழக்கமாக வழிபட வருபவர், அங்கே வழங்கப்படுவதைப் பெற்றுக்கொள்பவரும்கூட. அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பாட்டியும் அதில் அடக்கம். பட்டியலில் பெயர் வேண்டாம், பணம் கொடுத்திருக்க வேண்டாம்.

வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தைதான் பதிலாக வரும். எழுதிக் கேளுங்கள். எந்தப் பசலி ஆண்டு, எந்த இனம் (உண்டியல், கடை ஏலம், பிரசாத ஸ்டால், காலணி பாதுகாப்பு), தணிக்கை அறிக்கை வந்துவிட்டதா என்று குறிப்பாகக் கேளுங்கள். முதலில் செயல் அலுவலருக்கு, நகல் உதவி ஆணையருக்கு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு. பதில் வராவிட்டால் துறை அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதிலும் "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காமல், இன்ன ஆவணத்தின் நகல் வேண்டும் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

கேள்வி கேட்டா கோயில்ல நம்மள ஓரங்கட்டிட மாட்டாங்களா?

தனியாளாகப் போனால் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், அது உண்மை. அதனால் நாலு தெருக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள், பெண்களும் இருக்கட்டும். மொட்டைக் கடிதம் வேண்டாம், அதை யாரும் மதிப்பதில்லை. தீர்த்தம், விபூதி, பிரசாதம் தருவதில் யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது, மறுத்தால் அதையும் தேதி நேரத்தோடு எழுதி உதவி ஆணையருக்கு அனுப்புங்கள். மனு கொடுத்த அன்றே அலுவலக முத்திரையோடு ஒரு நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த கடிதம் அந்தத் தேதியைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.